வேங்கைக்கொல்லைத் தண்ணீருக்கு நான் சொன்ன சான்று

ஆரணி,
ஆகஸ்டு 19, செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மகள் சுபத்ராவுக்கு, தாய் ரேணுகாம்பாள் முறைப்படி வாழ்த்துக் கூறி எழுதிக்கொள்வது. நானும் உன் தந்தையாரும் உடலளவில் குறையின்றி இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அனுஷாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாதந்தோறும் முதல் தேதியன்று தவறாமல் எழுதுகிறவள் இம்முறை பதினெட்டு நாள் தாமதித்துவிட்டேன், அதற்காக முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேலை மிகுதி என்று காரணம் காட்டமாட்டேன். ஒரு தாளின் வரவுக்காகக் காத்திருந்தேன்; அது வந்தபின் தொடங்கிய மூன்று கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தொலைபேசி என்றால் பாதியிலேயே நீ என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவாய், நானும் அதற்கு இடங்கொடுத்துவிடுவேன். இச்செய்தியை நீ முழுமையாகப் படித்தாக வேண்டும். அஞ்சலில் போட்டால் காலம் கடந்துவிடும் என்பதால், நம் தெருக்கோடியில் செராக்ஸ் கடை வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழுவின் வேனையும் ஓட்டுகிற தென்னரசு இப்பக்கங்களைப் படமெடுத்து உன் கைப்பேசிக்கு அனுப்பிவைப்பான்.

வீட்டுச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆவணி முகூர்த்தத்திற்கான பட்டுப்புடவைகள் கேட்டு வந்திருப்பதால் நம் தறிகள் மூன்றும் ஓடுகின்றன. உன் தம்பி ஜெயக்குமாருக்குக் களம்பூர் அரிசி ஆலை ஒன்றில் மேற்பார்வை வேலை உறுதியாகிவிட்டது, நாள்தோறும் பேருந்தில் போய்வருகிறான், சாப்பாட்டு டப்பாவை மட்டும் நாள்தோறும் மறந்துவிட்டுப் போகிறான். அங்கே குளிர் கடுமை என்று மாப்பிள்ளை சொன்னார். ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, உனக்குச் சிறுவயதிலிருந்தே அந்தப் பழக்கம் ஆகாது. இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

ஜவ்வாது மலைமேல் இருக்கும் வேங்கைக்கொல்லைக்குக் குடிநீர் கொண்டுவரப் போகிறோம் என்று சென்ற ஆண்டு நம் குழு முடிவெடுத்ததும், நீயும் உன் தோழியரும் அங்கே பூங்காவில் தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து நாள் முழுதும் நடந்து நிதி திரட்டினீர்கள், கோயில் விழாவில் தோசை வார்த்து விற்றீர்கள். அந்தப் படத்தை நம் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். குழுவின் தலைவர் ஹேமசந்திர நயினார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கலசப்பாக்கம் வழியாக அந்த மலைக்கு எத்தனை முறை ஏறி இறங்கினார் என்பதை நான் நேரில் கண்டவள். அவ்வூர்ப் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்காகச் செங்குத்தான பள்ளத்தில் இறங்கி ஊற்றில் மொண்டு மேலே ஏறிவந்தார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்து கருவைப் பறிகொடுத்திருந்தாள். ஆகவே ஜூன் மாதத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு, அறுநூறு அடிக்குக் கீழே தண்ணீர் பீறிட்டு வந்தபோது நயினார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

அந்தத் தண்ணீரில் ஒரு கேன் பிடித்து வந்து என் முன்னால் வைத்தார்கள். நான் சாயப்பட்டறைக் குடும்பத்துப் பெண் என்பதும், என் தந்தையார் எந்தக் கிணற்றுத் தண்ணீர் பட்டுக்கு ஆகும் எது ஆகாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் என்பதும் நம் ஊர் அறிந்தது. நான் முறைப்படியே செய்தேன். கச்சாப் பட்டு நூல் கழி ஒன்றை அந்தத் தண்ணீரில் சோப்பு போட்டு வேகவைத்துப் பசை நீக்கினேன். நுரை பாலைப் போல் பொங்கி வந்தது. பிறகு வெளிர் ரோஜா நிறம் ஏற்றினேன். தண்ணீரில் குற்றமிருந்தால் அதை வெளிர் நிறந்தான் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு திட்டும் இல்லை. நூல் பூவிதழ் போல் இருந்தது. நயினாரின் மனைவி ஜெயவதியம்மாள் தங்கள் சமணக் குல வழக்கப்படி அந்தத் தண்ணீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டிப் பார்த்துவிட்டு, “துணில ஒரு தூசு கூட தங்கலங்க, கண்ணாடி மாரி கீது” என்றார். அப்போது நான் எழுந்து நின்று, இது பட்டுக்கேற்ற நீர், பட்டுக்கேற்ற நீர் மனிதருக்கும் ஏற்ற நீரே, இதில் எவ்வித ஐயமும் வேண்டாம் என்று சொன்னேன். ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப எடுத்துவைத்திருந்த புட்டியை நயினார் மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். “அம்மாவே சொல்லிட்டாங்க, இன்னும் லேப் எதுக்கு, அவங்க குடுக்க ஒரு மாசம் ஆக்குவாங்க” என்றார். நான் அதைத் தடுக்கவில்லை, மகளே. மகிழ்ந்தேன். நான் சொன்ன அந்த வாக்கியத்தை அவர் அறிக்கையில் சேர்த்து உங்களுக்கு அனுப்பினார், அதை நீ உங்கள் கூட்டத்தில் படித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். அக்கடிதத்தை நான் பலமுறை படித்தேன்.

ஜூலையில் தொட்டி கட்டி முடிந்ததும் ஊர்ப் பெண்கள் நடுவில் நின்று முதல் டம்ளரை நான்தான் குடித்துக் காட்டினேன். சோதனைக்காகத் திறந்த குழாய் அன்றிலிருந்து ஓடுகிறது. அன்று திரும்பும் வழியில் வேன் சூடேறிவிட்டதால் மலையடிவாரத்தில் கீழ்க்கொல்லை என்னும் சிற்றூரில் சிறிது நேரம் தங்கினோம். அங்கே பெண்கள் சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். முதலில் அதை நாணம் என்று எண்ணினேன். பிறகு ஒரு சிறுமியும் புறங்கையால் வாயை மறைத்தாள், இன்னொருத்தியும் மறைத்தாள். எங்களுக்கு மோர் கொடுத்த வெள்ளையம்மாள் என்பவளுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும், பற்களில் பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. வெற்றிலையைக் குறைத்துக்கொள்ளம்மா என்றேன். அவள் சிரித்துவிட்டாள். “இது வெத்தல காவி இல்லம்மா, போர் பல்லு. போரு போட்டு முப்பது வருசத்துக்கு மேல ஆவுது, அப்புறம் பொறந்ததுங்க எல்லாத்துக்கும் இதான்” என்றாள். அவள் கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், நாற்பது வயதுகூட இராது, கழுத்தைத் திருப்ப உடம்பு முழுவதையும் திருப்பினான். “எங்கூட்டுக்காரரு பெரிய ஆபீசரு, யாருக்கும் குனியவே மாட்டாரு” என்று அவள் கேலி செய்ய, அவன் “நீ ஒண்ணு, ஜல்தியா மோர குடுத்து அனுப்பு, பேசிகினே நிக்காத” என்றான். எல்லாரும் சிரித்தோம். தண்ணீர் எப்படி என்று கேட்டேன். “தண்ணிக்கி இன்னாம்மா கொற, சோப்பு போட்டா நொர பொங்கிகினு வரும், அலசி மாளாது” என்றாள். மோர் டம்ளர் என் கையிலேயே நின்றுவிட்டது. நான் எதைக் கொண்டு ஒரு தண்ணீரை நல்லது என்று சொன்னேனோ, அதையே அவளும் சொன்னாள்.

அடுத்த வாரம் நயினாரிடம் சொல்லாமல் தென்னரசுவுடன் மீண்டும் மலையேறி இரண்டு புட்டிகள் எடுத்தேன். ஒன்று புதிய குழாயினுடையது, மற்றொன்று பழைய ஊற்றினுடையது. தென்னரசு அவற்றைக் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு எடுத்துச்சென்று, கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கும் பரிமளா என்பவரிடம் சேர்த்தான். இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், அகராதியை வைத்துக்கொண்டு அதை ஒரு நாள் முழுதும் படித்தேன், தவறாகப் படித்திருக்கலாம் என்ற ஆசையில் மறுநாளும் படித்தேன். புளோரைடு என்னும் உப்பு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாதாம், தாண்டினால் பல்லும் எலும்பும் கெடுமாம். நம் தண்ணீரில் நான்குக்கும் மேல் இருக்கிறது. பரிமளாவைத் தொலைபேசியில் அழைத்தேன். மிகவும் பொறுமையாகப் பேசினார். சோப்பு நன்றாக நுரைக்கும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு, அப்படிப்பட்ட ஆழ்கிணறுகளில்தான் பல இடங்களில் இந்த உப்பு கூடுதலாக இருக்கிறது, வடிகட்டினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது என்றார். ஊற்றுத் தண்ணீரில் கிருமி மட்டுமே, அதைக் கொதிக்கவைத்தால் போதும் என்றார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். “பல்லு வெளிய வந்த பிறகு கெடறது இல்லம்மா, ஈறுக்குள்ள உருவாகும்போதே கெட்டுடும்” என்றார். குழந்தைகள் எட்டுப் பேர் குழாயடியில் நின்று குடிக்கும் படத்தை நயினார் உங்களுக்கு அனுப்பியிருப்பார், எடுத்துப் பார். அவர்களில் நால்வருக்கு நம் அனுஷாவைப் போலவே முன்பற்கள் விழுந்திருக்கின்றன. அவர்கள் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன் தந்தையாரிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமலேயே கேட்டார், பிறகு நிறுத்தினார். “ஏ ரேணுகா, நூலு தண்ணிய குடிக்கிதா இன்னா? நனையத்தான செய்யிது” என்றார். நயினார் வீட்டிற்குச் சென்று அறிக்கையை நீட்டினேன். ஜெயவதியம்மாள், “நீங்க தானங்க பட்டு மாரி தண்ணின்னீங்க, பட்டுக்கு ஆவுறது பல்லுக்கு ஆவாதா?” என்று கேட்டார்; கேட்டதில் தவறில்லை. நயினார் அந்தத் தாளை இருமுறை படித்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. “இன்னும் மூணு ஊரு காத்துகினு இருக்குதும்மா. இது வெளிய தெரிஞ்சா அதுக்கு ஒருத்தரும் குடுக்கமாட்டாங்க. இருபத்தினாலாம் தேதி ஞாயித்துக்கிழமை திறப்பு விழா முடியட்டும், அப்புறமா ஃபில்டருக்கு ஏற்பாடு பண்ணலாம்” என்றார். அந்த அப்புறம் எப்போது என்று கேட்டேன். பெரிய அதிகாரிக்கு அழைப்பு போயாயிற்று, கல்வெட்டில் உன் பெயரும் உன் தோழியர் பெயரும் வெட்டியாயிற்று என்றார். கடைசியில், “குடுத்தவங்க நிறுத்தச் சொன்னா நான் நிறுத்தறேன், நானா நிறுத்த முடியாது” என்றார்.

அவருக்காகக் காத்திராமல் சென்ற வெள்ளியன்று நான் தென்னரசுவுடன் வேங்கைக்கொல்லைக்குப் போனேன். குழாயடியில் நின்று, இந்தத் தண்ணீரில் துவையுங்கள், குளியுங்கள், மாட்டுக்குக் கூடக் கொடுக்க வேண்டாம், குடிக்கவும் சமைக்கவும் ஊற்று நீரையே எடுத்துக் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கருவை இழந்தவள் என்று மேலே எழுதினேனே, அவள் பெயர் தீபா, இப்போது மீண்டும் ஐந்து மாதம். அவள்தான் முதலில் பேசினாள். “இன்னாம்மா நீ, அன்னிக்கி நீயே மடக் மடக்னு குடிச்சி காட்டின. இன்னிக்கி குடிக்காதங்கற. எங்களுக்குக் குடுக்க மனசு வரலயா? திரும்பவும் அந்தப் பள்ளத்துல எறங்க சொல்றியா?” என்றாள். தாளைக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை, எனக்கும் அது இரண்டு நாள் பிடித்ததுதானே. பின்னாலிருந்து ஒருத்தி, “வுடு தீபா, டவுன்காரங்களுக்குள்ள இன்னா சண்டையோ” என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தீபா குடத்தை நிரப்பிக்கொண்டு, என் கண்ணெதிரே இரு கையால் ஏந்திக் குடித்துவிட்டுப் போனாள். பள்ளத்து ஊற்றைப் போய்ப் பார்த்தேன். ஐந்து வாரமாக யாரும் தூர் வாரவில்லை, இலைச் சருகு மூடிச் சேறாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு மழை அடித்தால் மண் சரிந்து மூடிவிடும். அதன்பின் அவர்களுக்கு வேறு தண்ணீரே இராது.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது இதுதான், சுபத்ரா. நிதி கொடுத்தவர்கள் சார்பில், திறப்பு விழாவை நிறுத்தும்படியும், அந்தக் குழாயில் குடிக்கக் கூடாது என்று பலகை வைக்கும்படியும், மிச்சமுள்ள நிதியில் ஊற்றைச் செப்பனிட்டு அங்கிருந்து மோட்டார் வைத்து மேலேற்றும்படியும் நயினாருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். அதை அனுப்பும் முன் எந்தக் கூட்டத்தில் என் வாக்கியத்தைப் படித்தாயோ அதே தோழியரிடம், அது தவறு என்றும், சோதிக்காமல் சொன்னவள் உன் தாய் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியாமல் எழுதவில்லை. குடம் சுமந்து நடந்த உன் தோழியர் உன்னை நம்பித்தான் நடந்தார்கள், நீ என்னை நம்பினாய். என் பெயரை மறைக்காதே. அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்றோ, அம்மா நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்றோ சேர்க்காதே. அப்படிச் சேர்த்தால் அவர்கள் என்மேல் இரக்கப்பட்டு மலையிலிருப்பவர்களை மறந்துவிடுவார்கள்.

உன் கடிதம் வராவிட்டால் ஞாயிறன்று மேளம் கொட்டி அதிகாரி கையால் குழாயைத் திறப்பார்கள். என்னையும் மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியை என்னிடம் கொடுப்பார்களா என்று தெரியவில்லை, கொடுக்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் வெள்ளியன்றே என் பேச்சை நம்பாதவர்கள், அதிகாரியே குடித்துக் காட்டியபின் நம்புவார்கள் என்று நான் எண்ணவில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நிறைவும் உண்டாகட்டும். அனுஷா நோய்நொடியின்றி வளரட்டும், அவள் நெற்றியில் என் முத்தம். அறிக்கையின் நகலையும் தென்னரசு இத்துடன் அனுப்புவான். நயினாருக்கு எழுதும்போது அதை இணைக்க மறந்துவிடாதே.

இங்ஙனம்,
உன் தாய்
மு. ரேணுகாம்பாள்

சனிக்கிழமை மாலைக்குள் நயினார் கையில் கடிதம் இருக்க வேண்டும். எனக்குப் பதிலை உடனே எழுது.