டிக்கிக்குக் கட்டிய மூங்கில் கூடு

போன ஞாயிற்றுக்கிழமை இன்ச் டேப்பைத் தேடிப் பரணுக்குள் கையை விட்டேன். டேப் கிடைக்கவில்லை. ஒரு மூங்கில் பிளாச்சு வந்தது. ஒரு முனையில் கத்தியால் கீறிய குறி. அதன் பக்கத்தில் நீல மையில், என் கையெழுத்தில் 'நீளம்' என்று எழுதியிருந்தது.

அது என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. நீ இருந்தபோது பதினெட்டு வருஷம் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன். இதில் எனக்கு ஒரு வசதி. நான் கேட்கும்போது நீ சிரித்துப் பேச்சை மாற்ற முடியாது.

டேப்பைத் தேடியது சுப்புவுக்காக. என் மகள் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள் என்பதும், அவளுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இடது காலில் இரும்புச் சட்டம் போட்ட பூட்ஸோடு அவளால் நடக்க முடியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அவளுடைய கொழுந்தன் துபாயிலிருந்து மடக்கும் தள்ளுவண்டி ஒன்று அனுப்பியிருக்கிறான். குழந்தை அதில் உட்கார்ந்துகொள்ளும். இவள் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். யார் யாரை நடத்துகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை கார் வாங்கலாம் என்றார். "எந்தக் காருன்னாலும் சரிதான். இந்த வண்டி டிக்கில நுழையணும்" என்றாள் சுப்பு.

பிளாச்சைக் கையில் வைத்துக்கொண்டு பரண் ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த வாக்கியம் முதலில் உன்னுடையது.

சுப்புவுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் ஒரு காலை வாங்கிக்கொண்டு போயிருந்தது. ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் எவ்வளவு தூரம் சுமக்க முடியும்? கோவில்பட்டி பட்டறையில் சொல்லி ஒரு தள்ளுவண்டி செய்தேன். இரும்புச் சட்டம், சின்னப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் சக்கரங்கள் நான்கு. இருக்கையை என் மனைவி பச்சையும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் வயரில் பின்னினாள். நல்ல வண்டி. ஒரே குறை, மடங்காது. இரண்டு நட்டைக் கழற்றினால் கைப்பிடி மட்டும் தனியே வரும்.

மதுரை ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு முறை போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "சார்வாள், இத உள்ள ஏத்த முடியாது. மேல கட்டிப் போடுவோம்" என்பார். ஒருமுறை மேலே கட்டிய வண்டியை இறக்கியபோது ஒரு சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. அன்று முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தேன்.

அதைக் கேட்டுத்தான் நீ வீட்டுக்கு வந்தாய். ஒன்றாம் வகுப்பு முதல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் கணக்கு வாத்தியார் ஆனேன். நீ சொந்தமாகத் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ் வைத்தாய்.

"ஏலே வாத்தியாரே, நான் ஒரு காரு எடுக்கப் போறேன். எனக்கு எந்தக் காருன்னாலும் சரிதான். சுப்பு வண்டி டிக்கில நுழையுதான்னு மட்டும் நீ பாத்துச் சொல்லு. மாசா மாசம் மதுரைக்கு அவளக் கூட்டிட்டுப் போறது இனி என் சோலி."

நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய். இதை இங்கே அடிக்கோடிட்டு எழுதுகிறேன். அன்று சமையலறையில் உன் தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவியை நீ எப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாய்.

பார்க்கும் காருக்கெல்லாம் வண்டியை உருட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் மூங்கிலைப் பிளந்து, கைப்பிடி இல்லாத வண்டியின் அதே நீளம், அகலம், உயரத்தில் சணல் கயிற்றால் ஒரு கூடு கட்டினேன். அதைத் தோளில் வைத்துக்கொண்டு உன் ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"என்னலே இது, காரு பாக்க வரச் சொன்னா பாடை கட்டித் தூக்கிட்டு வாரே!"

தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் பல் டாக்டரின் பியட். கூடு உள்ளே போகவில்லை. "எடம் கெடக்கே, ஏன் போகமாட்டேங்கு?" என்று நீ கேட்டாய். வகுப்பில் சொல்வதைத்தான் உனக்கும் சொன்னேன். ஒரு குடத்துக்குள் நான்கு படி அரிசி போகும், ஒரு முழுத் தேங்காய் போகாது. இடம் வேறு, வாய் வேறு. "கொள்ளளவ மட்டும் பாக்கக் கூடாது, வாயையும் பாக்கணும்" என்றேன். நீ அந்தப் பேச்சை ரசித்தாய். கடம்பூரில் ஒரு பழைய காரின் மூடி மூடவில்லை. புதூர்ப் பக்கம் பார்த்ததில் மூடி மூடியது, தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. திரும்பி வரும்போதெல்லாம் நீ சலித்துக்கொள்ளவில்லை. கரிசல் காட்டுச் சாலையில் மூங்கில் கூட்டைப் பிடித்துக்கொண்டு உன் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த நாட்களைவிட நான் உன்னோடு நெருக்கமாக இருந்தது இல்லை.

கடைசியாகக் கழுகுமலை டாக்டரின் அம்பாசடர். கண் மங்கிப்போனதால் ஓட்டுவதை விட்டுவிட்ட பெரியவர். கார் கண்ணாடி மாதிரி இருந்தது. அன்று மட்டும், "கூடு வேண்டாம், சுப்புவையும் வண்டியையுமே கொண்டு போவோம்" என்று நீ சொன்னாய். ஒரு வேன் பிடித்து வந்தாய். தெருமுனையில் இறங்கும்போது, "நீ பேசு. ஆபீஸ் பேச்சு எதுக்கு? குடும்பத்துக்குன்னு சொல்லு, அதான உண்மை" என்றாய். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

நாம் கைப்பிடியைக் கழற்றி வண்டியை டிக்கிக்குள் இறக்கினோம். அளந்து செய்தது போல உட்கார்ந்தது. பெரியவர் வந்து வயர் இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மூடியை அவரே மெதுவாக இறக்கினார். 'டொப்' என்று தடிமனாக ஒரு சத்தம். சுப்பு கை தட்டினாள்.

"மூணு பேரு கேட்டுட்டான். எல்லாம் தீப்பெட்டி ஆபீஸ்காரன். குடுக்கல" என்றார் பெரியவர். "டிக்கில மரச்சீவக் கட்டு ஏத்தி ஆறே மாசத்துல கொன்னுபோடுவான். வாத்தியாரே, நீங்க சொல்லுங்க. இது லோடு அடிக்கிற வண்டியாயிராதே?"

நீ சுப்புவின் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆகாதுய்யா. நான் பொறுப்பு" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்று சாவியை என் கையில் கொடுத்தார். நான்தான் அதை உன்னிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் உன் ஆபீஸ் வாசலில் பூஜை. காரின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். "நாலு பத்தாது, எட்டு கொண்டாங்க" என்று நீ சத்தம் போட்டாய். சுப்புவின் வண்டிச் சக்கரங்களுக்கும் நீயே குனிந்து ஒவ்வொன்றாக வைத்தாய். அவள் "மாமா, நான் ஏத்தட்டா, ஏத்தட்டா" என்று குதிக்காத குறை. நீ வண்டியைத் தள்ள, நான்கு பழங்களும் நசுங்கின. அந்த வாசனை எனக்கு இன்னும் இருக்கிறது. அளவெடுத்த கூடு இனி எதற்கு என்று நான் அதை உன் ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. காலுக்கு அளவெடுத்த இரும்புச் சட்டம் தயார். புதன்கிழமை பத்து மணிக்குள் வந்தால் மாட்டிப் பார்ப்பார்கள். தவறினால் அந்த டாக்டர் மறுபடி வர மூன்று மாதம். உன்னிடம் சொன்னேன். "ஆறரைக்கு வாசல்ல காரு நிக்கும். பஸ்ஸுக்கு ஓடாத" என்றாய்.

புதன்கிழமை ஆறு மணிக்கே சுப்பு தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் அவள் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பிடியை முந்தின நாளே கழற்றிவிட்டிருந்தேன். ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. நாங்கள் போயிருக்க வேண்டிய பஸ் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எங்களுக்குக் கேட்டது. ஏழரைக்குக் கார் வந்தது. டிக்கி மூடி திறந்தே இருந்தது. கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே பெட்டி ஒட்டுவதற்கான மரச்சீவல், கட்டுக் கட்டாக.

டிரைவர் இறங்கவில்லை. தலையை மட்டும் நீட்டினார்.

"அண்ணாச்சி, மொதலாளி இத கடம்பூர்ப் பக்கம் எறக்கிட்டு வரச் சொன்னாவ. வந்து கூட்டிட்டுப் போறேன்."

"எப்ப வருவீரு?"

"ஒம்பதரை, பத்து ஆவும்."

"பத்து மணிக்கு அங்க இருக்கணுமேய்யா."

"எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி. அவிய சொன்னதச் செய்யுதேன்."

கார் தெருமுனை திரும்பும்வரை சுப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டிக்கில என் வண்டிக்கு எடம் இல்லையாப்பா?"

உன் ஆபீஸுக்கு நடந்தே வந்தேன். கோபத்தோடு வரவில்லை, என்னமோ அவசரம், நீ விளக்கம் சொல்வாய் என்று நம்பித்தான் வந்தேன். நீ உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தாய். முற்றத்தில் நின்றேன். கூட்டைப் பார்த்து அன்று சிரித்த பெண்களில் ஒருத்தி சீவல் கட்டிக்கொண்டிருந்தாள். என் மூங்கில் கூட்டுக்குள் சீவலை அடுக்கி, அது நிறைந்ததும் கயிறு போட்டு இறுக்கி வெளியே எடுத்தாள். அடுத்த கட்டுக்குக் கூட்டை இழுத்து வைத்தாள்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"இந்த அளவுல கட்டுனா காரு டிக்கில அச்சா உக்காருது சார். எலுமிச்சம்பழம் நசுக்குனமே, அன்னைக்கே மொதலாளி கொண்டாந்து குடுத்துட்டாவ" என்றாள். அவள் பாவம், நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னாள்.

அன்றைக்கே. இதைத்தான் என்னால் இன்றுவரை கடக்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்து உன் மனசு மாறியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். தொழில், நெருக்கடி, மனுஷன் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். காலையில் குனிந்து பிள்ளையின் சக்கரத்துக்குப் பழம் வைத்த கை, அன்றைக்கே அந்தக் கூட்டைத் தூக்கிச் சீவல் கட்டக் கொடுத்திருக்கிறது. பெரியவர் உன்னைப் போன்றவர்களுக்குக் காரைக் கொடுக்கமாட்டார் என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதற்காக ஒரு வாத்தியாரும் நடக்க முடியாத ஒரு பிள்ளையும் உனக்குத் தேவைப்பட்டிருக்கிறோம்.

நீ வெளியே வந்தாய். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: "ஒரு நாளுதானலே. அடுத்த தடவ போனாப் போச்சு. புள்ள கால் எங்கயும் போயிராதுல்லா."

பிறகு என் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தாய். கூட்டைப் பார்த்தாய். நான் அந்தப் பெண்ணிடம், "குடும்மா" என்று கூட்டை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். கடைத்தெருவில் ஒருவர், "என்ன சார்வாள், காரு அமைஞ்சிட்டா?" என்று கேட்டார்.

மூன்று மாதம் கழித்து நாங்கள் பஸ்ஸிலேயே போனோம். அதற்குள் சுப்பு வளர்ந்திருந்தாள். சட்டம் முழங்காலுக்குச் சரியாக நிற்கவில்லை. மறுபடி அளவு, மறுபடி காத்திருப்பு. அவள் எழுந்து நின்று பள்ளிக்கூடம் போக ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அவள் வயதுப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இவள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். பிள்ளையின் கால் எங்கும் போகாது என்றாய். அது வளரும் என்பதை நீ யோசிக்கவில்லை.

கழுகுமலைக்கும் போனேன். பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். "புள்ள நடக்குதா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அதன்பிறகு நாம் கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டோம். "சாப்ட்டாச்சா" என்று நீ கேட்பாய், "ஆச்சு" என்று நான் சொல்வேன். நீ செத்த அன்று வந்திருந்தேன். வாசலில் மூங்கில் பிளந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அழுகை வரவில்லை. நீளம் போதுமா என்று என் கண் தானாக அளந்தது. நீ அன்று செய்த கேலிதான் நினைவுக்கு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். 'நான் பொறுப்பு' என்ற வார்த்தையை நான் அதன்பிறகு யாருக்காகவும் சொன்னதில்லை. நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வந்த எத்தனையோ மாணவர்களுக்கு, 'எனக்குத் தெரிந்தவரை' என்று தொடங்கித்தான் எழுதிக் கொடுத்தேன். அவர்களில் பலர் தங்கம். அந்த வார்த்தைக்கு முழுக்கத் தகுந்தவர்கள். உன்னால் அவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தேன்.

நேற்று கார் பார்க்கப் போனோம். பிளாச்சையும் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை டிக்கியைத் திறந்து, "தாராளமா இருக்கு மாமா. பாத்தாலே தெரியுதுல்லா?" என்றார். சுப்பு என்னைப் பார்த்தாள். "போதுமாப்பா?"

போதும் என்று சொல்ல நாக்கு எழுந்தது. "வச்சுப் பாரு" என்றேன்.

அவள் குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டியை மடக்கி, காலை ஊன்றி, தானே தூக்கி உள்ளே வைத்தாள். மூடியை இறக்கினாள். அதே சத்தம். விலை பேசி முடித்ததும் சாவியைக் கேட்டு வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இந்தா பாருங்க," என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள், "டிக்கில வேற ஒண்ணும் ஏத்தக் கூடாது. ஒரு நாளைக்குக்கூட."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கூட்டைப் பற்றியோ உன்னைப் பற்றியோ நான் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஆறு வயது, மறந்திருப்பாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.