கோபித்துக்கொண்டு போக இடமில்லாத தீவு

வாலு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே சுகம் என்று எழுதினால் என் கையே என்னை நம்பாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஜன்னலோரக் கட்டிலில் உன் அப்பா. வாசல் பக்கம் பெரியண்ணன், கழுத்தில் அளவு நாடாவோடு. எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டு சின்னண்ணன். இரண்டு மருமகள்களும் அடுப்படி வாசலில், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல். நல்ல நாற்காலியில் உன் அத்தை, என் கல்யாணத்தன்று "பொண்ணு கொஞ்சம் கட்டைதான்" என்று என் காதுபடச் சொன்ன அதே அத்தை. நடுவில் கொத்தனார். போனில் நீ.

கொத்தனார் எதற்கு என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. கூடத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பி வீட்டை இரண்டாக்க அளவெடுக்க வந்தார். தையல் கடையில் பெரியவன் துணி வெட்டுவான், சின்னவன் தைப்பான், உனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் பெரியவன் வாடிக்கைக்காரர் முன்னால் "இவனுக்கு ஒரு காஜா ஒழுங்கா எடுக்க வராது" என்று சொன்னதிலிருந்து பேச்சில்லை, என்ன வேண்டுமோ அதைச் சாக்பீஸால் துணியில் எழுதிக்கொள்வார்கள். இந்த லட்சணத்தில் வக்கீல் கோட்டுக்குப் பெரியவன் துணியை மாற்றி மடித்து இரண்டு கையையும் இடது கையாக வெட்டிவிட்டான். சின்னவன் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. நேர்த்தியாகத் தைத்து இஸ்திரி போட்டு மாட்டிவைத்தான். வக்கீல் போட்டுப் பார்த்துவிட்டு வலது கையை முறுக்கிக்கொண்டு நின்றாராம். "நீ வெட்டினதைத்தானே தச்சேன்" என்றான் இவன். "கண்ணு இருந்துச்சில்ல உனக்கு" என்றான் அவன். அவ்வளவுதான், இவன் தெற்கே அவன் வடக்கே நடந்துவிட்டார்கள், அந்தக் கோட்டோடு வக்கீல் கடைக்குக் காவல் இருந்தார். மறுநாளே சுவர் என்ற பேச்சு வந்தது, அத்தை ஒத்து ஊதினாள்.

நம் வீட்டில் யாரும் சண்டையை முடித்ததே கிடையாது வாலு. பாதியில் செருப்பைத் தேடுவார்கள். உன் தாத்தாவும் அப்படித்தான், நீயும் அப்படித்தான். "போறதுன்னா போயேன்" என்று பெரியவன் சொன்ன ஒரு சொல்லுக்குக் கடல் தாண்டியது உன் செருப்பு. அன்று நீ போட்டிருந்த மஞ்சள் தாவணியில் ஓரம் தையல் விட்டிருந்தது, எனக்கு எதுவும் மறக்காது.

கொத்தனார் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நீ கூப்பிட்டாய். எல்லாரும் ஒரு வாரம் ஒரு தீவுக்கு வரணும், நானும் வரேன், அங்கே வீடு பிடித்துவிட்டேன் என்றாய். ஆளுக்கொரு காரணம் வந்தது. மூத்த மருமகள் அங்கே அடுப்புப் பக்கமே போக வேண்டாம் என்றாள். இளையவள் பிள்ளைகள் கடலில் நீந்தக் கற்றுக்கொள்ளட்டும் என்றாள். டாக்டர் உப்புக் காற்று நல்லது என்றார் என்று அத்தை சொன்னாள், எந்த டாக்டரோ. நீ வைத்துவிட்டாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கோடு நேராக வந்து அப்பா கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. கொத்தனார் நிமிர்ந்து, "பெரியவரு கட்டில் எந்தப் பக்கம் வருதுங்க?" என்று கேட்டார். பெரியவன் நாடாவைச் சுருட்டினான், சின்னவன் சுவரைச் சுரண்டினான். ஒருத்தனாவது என் பக்கம் என்பான் என்று நான் அவன் வாயையும் இவன் வாயையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பா எழுந்தார், செருப்பைக் காலால் துழாவி மாட்டினார், அந்த வீங்கின காலோடு வெளியே நடந்தார். தேடிப் போன பிள்ளைகள் அப்போதும் ஆளுக்கொரு தெருவாகத்தான் போனார்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாராம். எங்கே போறீங்க என்றதற்கு, "எந்தப் பஸ் வருதோ அதுல" என்றாராம்.

அவரை நடுவில் விட்டுக் கூட்டிவந்தார்கள். வந்ததும் தீவுக்குப் போய்வந்து சுவரைப் பார்க்கலாம் என்று கொத்தனாரை அனுப்பினார்கள், அவர் கட்டின அளவு நூல் இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. இளையவள் போனில் அந்தத் தீவின் படத்தைக் காட்டினாள், சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. உள்ளே ஒரே பாதை, வட்டமாக ஓடுகிறது. கோபித்துக்கொண்டு எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் நம் வாசலுக்கே வந்துதான் ஆக வேண்டும். படகும் வாரம் ஒரு முறைதான். எனக்குக் கடலும் வேண்டாம் காற்றும் வேண்டாம், இந்தக் காரணம் ஒன்று போதும். ஒரு சண்டையாவது அங்கே கடைசி வார்த்தை வரைக்கும் நடக்கட்டும், அடித்துக்கொள்ளட்டும், அழட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் படகில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். "தங்கச்சி நடுவுல உக்காந்தா வரேன்" என்கிறான் பெரியவன். சின்னவனும் அதையே சொன்னான், இத்தனை மாதத்தில் இரண்டு வாயிலும் ஒன்றாக வந்த பேச்சு அதுதான். நேற்று நீ என்ன அனுப்பியிருக்கிறாய்? லீவு இல்லை, நீங்கள் எல்லாம் போய் வாருங்கள் என்று. போனில் இதைக் கேட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதுவும் செருப்பு மாட்டுவதுதான். கடிதம் என்றால் நீ பாதியில் எழுந்து போனாலும் மேசையில் காத்துக்கொண்டு கிடக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத்தலையோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் விடியும்போதெல்லாம் நினைக்கிறேன். அப்பாவுக்கு வார் வைத்த செருப்பு வாங்கி வா, கையில் கொண்டு வா, அனுப்பி வைக்காதே. உன் அத்தையைக்கூட நான் என்றைக்காவது மன்னித்துவிடுவேன், கொத்தனார் பாவம் வேலைக்கு வந்தவர், அண்ணன்கள் இரண்டு பேரும் முட்டாள்கள், முட்டாள்களை எப்படிக் கோபிப்பது. அந்தப் படகில் நடு இடம் காலியாகப் போனால் நான் சாகிற வரைக்கும் மன்னிக்காத ஆள் ஒருத்திதான், வாலு, அது நீதான்.

உன் அம்மா