நீங்கள் மூன்று பேரிடம் ஓம் சொன்ன ஃபேர்னஸ்

என்னுடைய இஞ்சேருங்கோ,

உங்களைத்தான். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, கடிதத்துக்காக அதைப் புதிதாகத் தொடங்கவும் மனமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டைத் திவசம். இங்கே தமிழ்ப் பத்திரிகையில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போடுகிறவர்கள் எல்லோரும் படத்துக்குக் கீழே கவிதை போடுகிறார்கள். எனக்குக் கவிதை வரவில்லை, கோபம்தான் வருகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

வீட்டைச் சூடாக்குகிற நம்முடைய ஃபேர்னஸ் போய்விட்டது. ஒன்றும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைக்கவேண்டாம். இரண்டு வருடமாக அது பேஸ்மென்றில் நின்று, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் போட்டது. ஒவ்வொரு முறையும் நான் வந்து சொன்னேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், பாப்பம்" என்று தலையாட்டினீர்கள்.

கார்த்திகையில் முதல் பனி கொட்டிய கிழமை எனக்கும் மயூரிக்கும் விடாத தலையிடி. காஸ் கொம்பனிக்கு ஃபோன் பண்ணினேன். வந்தவர் கையில் ஒரு கருவியோடு கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நெருப்பு எரிகிற இரும்புக் கூட்டில் வெடிப்பு, நச்சுக் காற்று வீட்டுக்குள் வருகிறது, இனி இதைப் பற்றவைக்கக் கூடாது என்றார். காஸைப் பூட்டி, ஃபேர்னஸில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனார்.

பதினாலு வயது மகள், உங்கள் அக்கா, நான். ஸ்காபரோவில் மூன்று அறை வீடு. சூடு இல்லை. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிப்பதற்கு முன்னர் புது ஃபேர்னஸ் ஒன்று வாங்கவேண்டும், அதுவும் என் பேக்கரிச் சம்பளத்துக்குள் அடங்குகிறதாக. இவ்வளவுதான் விஷயம். வேறு வீட்டில் என்றால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் எட்டு நாள் இழுபட்டது. யாரால்? உங்களால்தான்!

முதல் வந்தவர் உங்களோடு மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை செய்த சிவபாலன் அண்ணை. வேலை போக மிச்ச நேரத்தில் இன்சூரன்ஸ் விற்றவர், இப்போது ஃபேர்னஸும் விற்கிறாராம். நான் சொல்லி அனுப்பவில்லை, செய்தி எப்படியோ போய்விட்டது. சோபாவில் இருந்து இரண்டு ரோல்ஸும் தேத்தண்ணியும் முடித்தபிறகு சொன்னார்.

"தங்கச்சி, தேவன் உயிரோட இருக்கேக்கையே எனக்கு ஓம் எண்டவன். பழசு ஒண்டேகால் லட்சம் பி.டி.யு. சூடு தாறது எண்டால் புதுசும் அதுதான். குறைச்சுப் போட்டால் குளிரும். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கவேண்டாம்."

அடுத்த நாள் உங்கள் தம்பி கண்ணன். யாரோ வீடு இடிக்கிறார்களாம், கழற்றின ஃபேர்னஸ் ஒன்று இருக்கிறதாம், ஏழு வருடம்தான் பாவித்ததாம். "அண்ணை போன வருசமே ஓம் எண்டு சொன்னவர் அண்ணி, நான் அவனிட்டைச் சொல்லி வச்சிட்டன்." அதற்கு அடுத்த நாள் யூனியன்வில்லில் இருக்கிற மாமா ஃபோனில். ஆகத் திறமான ரகம்தான் போடவேண்டும், புகை சுவரால் பிளாஸ்ரிக் குழாயில் போகும், காஸ் மிச்சம், அவருடைய மருமகன் போடுகிறார். "தேவன் என்ர கையைப் பிடிச்சு ஓம் எண்டவன் பிள்ளை. செத்தவன்ர வாக்கு."

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களை எனக்குத் தெரியாதா? கலியாண வீட்டில் கேட்டவருக்கும் ஓம், கோயிலில் கேட்டவருக்கும் ஓம். யாருடைய முகமும் வாடக் கூடாது உங்களுக்கு. வீட்டில் இருக்கிறவளுடைய முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஒருவருக்காவது இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இன்னொன்று கேளுங்கள். மூன்று பேரில் ஒருவரும் கீழே போய் அந்த ஃபேர்னஸைப் பார்க்கவில்லை. ஒருவரும் எத்தனை ஜன்னல் என்று கேட்கவில்லை. சோபாவில் இருந்தபடியும் ஃபோனில் இருந்தபடியும் என் வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியிலிருந்து பேசியவர்கள் போதாதென்று, வீட்டுக்குள் உங்கள் அக்கா. மச்சாளின் கவலை வேறு. அவர் தோசைக்கு அரைத்த மாவை ஃபேர்னஸ் அறையில் வைத்துத்தான் புளிக்கவைப்பார், இப்போது மா பொங்குவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஏனென்றால் உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கிற விளக்கு ஒழுங்காக எரியத் தொடங்கிவிட்டது.

உங்களுக்கு இது தெரியாது. நீங்கள் எங்களை விட்டுப் போன அந்தக் கிழமை, உங்கள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் நீங்கள் இருக்கிற கதிரைக்குப் பின்னால் ஒரு மேசையில் நான்தான் வைத்தேன். வெறுமையாக இருந்தது அந்த ஒரு சுவர்தான். நிலம் வரைக்கும் வெள்ளைத் துணி விரித்தேன். மச்சாள் பின்னேரங்களில் விளக்கு வைப்பார். குளிர் காலம் முடியும்வரை அந்தச் சுடர் நிற்கவேயில்லை. உங்கள் படத்துப் பக்கம் சாயும், பிறகு பட்டென்று அணையும். "தம்பிக்கு மனம் ஆறேல்லை" என்று மச்சாள் அழுவார், நானும் அழுவேன். கோடையில் நன்றாக எரிந்தது. கார்த்திகையில் திரும்பவும் அணையத் தொடங்கியது. சிவப்பு அட்டை விழுந்த அன்றிலிருந்து ஆடாமல் அசையாமல் எரிந்தது.

"பாத்தீரே ராணி," என்றார், இரண்டு சுவெற்றருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு. "புதுசு வேண்டாம் எண்டு சொல்லுறான். ஃபேர்னஸ் நிண்டாப் பிறகுதான் நிம்மதியா இருக்கிறான்."

உயிரோடு இருந்தபோது ஒரு முடிவு எடுக்கமாட்டீர்கள். செத்தபிறகு வந்து எல்லாரிடமும் ஒவ்வொரு முடிவு சொல்லிவிட்டுப் போகிறீர்கள், என்னிடம் மட்டும் ஒரு சொல் இல்லை.

மயூரி மூன்று பேருடைய விலைத் துண்டுகளையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். ஏற்கெனவே அங்கே ஒட்டியிருந்த என்னுடைய மருத்துவப் பரிசோதனைத் தாளுக்கு மேலேயே ஒட்டினாள். வேறு இடமில்லை.

ஏழாம் நாள் பேக்கரியில் ஃபாத்திமாவிடம் சொல்லிப் பொருமினேன். அவளுடைய கணவர் நிசாம் நானா கொழும்பில் ஏசி வேலை செய்தவர், இங்கே படித்து லைசென்ஸ் எடுத்து வீடுகளில் ஃபேர்னஸ் பொருத்திப் பூட்டுகிறவர். பேஜருக்கு அடித்தேன், அன்று பின்னேரமே வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அளவு நாடாவை எடுத்து அறை அறையாக அளந்தார். ஜன்னல்களை எண்ணினார். கூரைக்குள் தலையை விட்டு, குளிர் காக்கிற பஞ்சு எவ்வளவு தடிப்பு என்று பார்த்தார். கீழே போய், தோசை மாப் பானையை மெல்லத் தள்ளிவைத்துவிட்டு, அரை மணித்தியாலம் நின்றார். நானும் கூடவே ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கியது.

பிறகு வரவேற்பறையில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, காத்து உள்ளுக்கு இழுக்கிற பெரிய கிறில் ஒண்டு இந்தப் பக்கத்தில இருக்கவேணுமே. எங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவர் கீழே போய், காஸ் இல்லாமல் ஃபேர்னஸின் காற்றாடியை மட்டும் போட்டார். மச்சாள் அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார். சுடர் உங்கள் பக்கம் சாய்ந்தது. அணைந்தது. மேசைக்குக் கீழே தொங்கிய வெள்ளைத் துணி உள்ளே இழுபட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

நிசாம் நானா மேலே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உங்கள் படத்தை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் தந்தார். மேசையை இழுத்தார். சுவரின் அடியில் கம்பித் தட்டு மாதிரி அந்தக் கிறில், நான் ஏதோ பழைய தகடென்று துணியால் மறைத்தது. அதன் மேல் தூசியும், மாலையிலிருந்து உதிர்ந்த பூவும் அப்பிப் போயிருந்தன. வீடு முழுக்கவும் காற்று இழுக்கிற வாயை நான் உங்களை வைத்து அடைத்திருக்கிறேன்.

"பழசு எப்படியும் போற வயசுதான்," என்றார். "ஆனா மூச்செடுக்க இடமில்லாட்டி இரும்பு அளவுக்கு மிஞ்சிச் சூடேறி வெடிக்கும். நீங்க என்ன செய்யிறது, தெரியாதுதானே."

மச்சாள் கிறிலில் அப்பியிருந்த பூவைக் கிள்ளி எடுத்தார். "அப்ப அவன் கோவிக்கேல்லை" என்றார். நான் உங்கள் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குசினிக்குள் போய் அழுதேன். இரும்புக்கு வெடிப்பு என்றவுடன் ஒருவர் வந்து காஸைப் பூட்டி அட்டை கட்டினார். நீங்கள் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, டொக்டரிடம் போவம் என்று நான் எத்தனை தரம் கேட்டேன்? அதற்கும் அதே ஓம். அதே பாப்பம். எனக்கு ஃபேர்னஸ் மேல் என்ன கோபம்? உங்கள் மேல்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நிசாம் நானாவிடம் கேட்டேன். எழுபத்தையாயிரம் பி.டி.யு. இந்த வீட்டுக்குத் தாராளம் என்றார். ஒன்றேகால் லட்சம் போட்டால் ஐந்து நிமிடம் வீட்டைப் பொரித்துவிட்டு நின்றுவிடும், பிறகு குளிரும், திரும்ப எரியும், மேல் அறை கொதிக்கக் கீழ் அறை விறைக்கும். அப்படித்தானே இத்தனை வருடம் இருந்தோம்! பாவித்ததைப் பூட்டத் தன்னால் ஏலாது, உள்ளே எங்கே வெடித்திருக்கிறது என்று யார் கண்டது என்றார். ஆகத் திறமான ரகம் நல்லதுதான், ஆனால் விலை கூட. இருக்கிற புகைக்கூடு நல்ல நிலையில் இருக்கிறது, நடுத்தர ரகம் அதோடு பொருந்தும். "ஒங்கட கைக் காசுக்கு இதுதான் சரி. மத்தது நீங்கதான் முடிவெடுக்கவேணும்."

நான்தான் முடிவெடுக்கவேண்டும் என்று அந்த வருடம் முழுக்க எனக்குச் சொன்ன முதல் மனிதர் அவர்.

அன்றைக்கே மூன்று பேருக்கும் ஃபோன் பண்ணினேன். மயூரி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணன் முறைத்துக்கொண்டு வைத்தான். யூனியன்வில் மாமா செத்தவன் வாக்கு என்று திரும்பத் தொடங்கினார். "மாமா, குளிருறது உயிரோட இருக்கிற எங்களுக்கு" என்றேன். சிவபாலன் அண்ணைதான், "தேவன் ஓம் எண்டவனே தங்கச்சி" என்று பாவமாகக் கேட்டார். "அண்ணை, அவர் எல்லாருக்கும் ஓம் எண்டவர். நான் இல்லை எண்டு சொல்லுறன்." வானம் இடிந்து விழவில்லை. நீங்கள் ஏன் இதற்கு இவ்வளவு பயந்தீர்கள்?

அடுத்த நாளே பூட்டினார்கள். இப்போது இது எரிவதே கேட்பதில்லை. வீடு முழுக்க ஒரே அளவான சூடு, மாவும் பொங்குகிறது. உங்களை மாடிப்படிக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றியிருக்கிறேன். விளக்கு நேராக எரிகிறது, மச்சாள் அதற்கு இப்போது ஒரு காரணமும் சொல்வதில்லை.

நேற்றுத் திவசச் சமையலுக்குச் சாமான் எழுதிக்கொண்டிருந்தேன். மயூரி ஃபிரிட்ஜிலிருந்து பழைய விலைத் துண்டுகளைக் கழற்றினாள். அடியில் என் பரிசோதனைத் தாள். நெஞ்சைப் பார்க்கச் சொல்லி டொக்டர் புரட்டாதியில் எழுதித் தந்தது.

"அம்மா, கிளினிக்குக்கு கோல் பண்ணினீங்களா?"

"ஓம், பாப்பம்," என்றேன், எழுதுவதை நிறுத்தாமல்.

நிமிர்ந்தேன். என்னைப் பார்க்கவில்லை அவள், படிக்கு எதிரே உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஃபோனை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. உங்களுக்குச் சோறு படைத்து இரண்டாம் நாள். மயூரியும் கூட வருகிறாள். கேட்டுக்கொள்ளுங்கள், பாப்பம் என்று சொல்லவில்லை. போவேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத,
நீங்கள் இஞ்சாரும் என்று கூப்பிட்ட,
ராணி