உன் புத்தகம் பொய் என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், முதலில் அதைத் தெரிந்துகொள். போனில் சொன்னால் யார் காதில் விழுமோ என்று பயம், தபாலில் போடவும் பயம். என்னோடு வார்டில் வேலை பார்த்த நர்ஸின் மகள் நீ இருக்கும் ஊருக்குத்தான் படிக்க வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

போன லீவில் வந்தபோது மாப்பிள்ளையின் மைக்செட் கடையில் ஒயர் சுருள்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பொழுதுக்கும் கேள்வி கேட்டாயே, நினைவிருக்கிறதா. கட்சிகள் தேர்தலுக்கு எங்கிருந்து பணம் புரட்டுகின்றன என்பதுதானே உன் படிப்பு, உத்தியோகம் எல்லாம். அவரும் மச்சான் கேட்கிறாரே என்று மனசு விட்டுச் சொன்னார். ஆளுங்கட்சிக் கூட்டங்களுக்கு மேடையும் ஒலிபெருக்கியும் தன் கடையிலிருந்துதான் போகிறது, வாடகை கொடுப்பது மட்டும் ரோடு போடும் கான்ட்ராக்டர், கட்சி காட்டுகிற கணக்கில் பாதிக் கூட்டம் நடக்கவே இல்லை என்றார். புத்தகத்தில் நீ அவர் பேரைப் போடவில்லை, ஊரையும் மாற்றித்தான் எழுதினாய். ஆனால் மைக்கைச் சோதிக்க எல்லாரும் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னால் இவர் ஏழாம் வாய்ப்பாடு சொல்வார் என்று எழுதிவிட்டாயே கண்ணு. படிக்க நன்றாகத்தான் இருந்தது, அப்பா எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார். ஏழாம் வாய்ப்பாடு சொல்கிற மைக்செட்காரர் யார் என்று இங்கே பால் ஊற்ற வருகிறவருக்குக்கூடத் தெரியுமே. எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தப் பக்கத்தை மேடையில் வாசித்தார்கள். மறுநாள் காலையிலேயே ஆளுங்கட்சி ஆட்கள் கடைக்கு வந்து, செயலாளர் பேசணுமாம் என்று மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஸ்டேஷனில் புகாரே வாங்கவில்லை, பேசிட்டு அனுப்பிடுவாங்க, வீட்டுக்குப் போங்கம்மா என்றார்கள். உன் தங்கை சின்னவள் புருஷனைக் காணோம் என்று உனக்குப் போன் செய்தாள். பல்கலைக்கழக வக்கீலிடம் கேட்கிறேன், வெளிநாட்டு அமைப்புகளுக்கு எழுதுகிறேன், பொறுமையாக இருங்கள் என்று சொன்னாயாம். நீ சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவள் போனை வைத்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், குழந்தை பசி என்று அழுதபோதும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கட்சி ஆபீசுக்குப் போகிறேன் என்றேன். அப்பா குறுக்கே நின்று, "அவன் எழுதினது நெஜம். அங்க போய் நீ என்னத்தச் சொல்லப் போற?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். அவருடைய அம்மாவை என் வார்டில் வைத்துப் பார்த்ததை ஞாபகப்படுத்தி நாற்காலி போடச் சொன்னார், டீ வந்தது. உங்க மருமகன் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா, பையன் எழுதினது பொய்னு பெத்தவங்க நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா விஷயம் முடிஞ்சிடும் என்றார். போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். சொன்னேன். ஃபேன் சத்தத்தில் சரியாகப் பதியவில்லை என்று ஃபேனை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார்கள். அப்போதுதான் அவர்கள் கேட்காததையும் நானாகச் சேர்த்துச் சொன்னேன்: "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கதை கட்டுற பழக்கம்." வெறுமனே பொய் என்றால் நம்ப மாட்டார்களோ, அவரை விட மாட்டார்களோ என்று பயந்துபோய் வாயில் வந்துவிட்டதுடா. பரீட்சையில் தவறிப்போனதைக்கூட மறைக்கத் தெரியாத பிள்ளை நீ.

பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளையைத் தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். கை கால் எல்லாம் சரியாக இருந்தது. வலது காதோரம் மட்டும் ரத்தம் காய்ந்திருந்தது, பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, அறைந்த அறையில் செவிப்பறை கிழிந்திருக்கிறது. அந்தப் பக்கமாகக் குழந்தை கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறார். சத்தத்தை வைத்துப் பிழைக்கிற மனுஷர். டாக்டர் தானாக ஆறலாம் என்கிறார், ஆறாவிட்டால் ஆபரேஷன் என்கிறார். உன் பேரை எடுத்தாலே சின்னவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

அந்த வீடியோ இப்போது ஊரெல்லாம் சுற்றுகிறது. உன் பல்கலைக்கழகத்துக்கும் வரும். உனக்கு வேலை நிரந்தரமாகிற நேரத்தில் பெற்ற தாயே இப்படிச் சொல்கிறாளே என்று கேட்பார்கள். நீ மறுத்தால் இங்கே மறுபடி வண்டி வரும், மறுக்காவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் பேரும் போகும். இது தெரிந்தேதான் கேட்கிறேன், உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள், தேர்தல் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதே. வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. நான் செய்ததைக் கேள்விப்பட்டதும் மாப்பிள்ளை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அத்தை, நான் சொன்னது அத்தனையும் நெஜம். மச்சான் ஒரு வரியக்கூட எடுக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். என் பிடிவாதம் என்னவோ அதேதான், பேசாதே. பேசித்தான் தீருவேன் என்றால் முன்கூட்டியே எனக்கு ஒரு வார்த்தை சொல், இந்த மூன்று பேரையும் எங்கேயாவது கொண்டுபோய் வைத்துவிடுகிறேன்.

நீ நீண்ட ஆயுசோடு நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும், அம்மா மேல் கோபம் இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டு நம்பருக்குப் போன் செய்யாதே, மறந்துவிடாதே. எப்போதும் கடிதத்தின் அடியில் நானும் அப்பாவும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுவோம். இந்தத் தடவை அப்பா வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
அம்மா மட்டும்