ஆடியவர் வேறு, பாடியவர் வேறு

14.06.2011, செவ்வாய்
காலையிலிருந்து மழை. இங்கே கிளேட்டனில் குளிர்காலம், என் வாடகை அறையில் ஹீட்டர் பழுது. இதையெல்லாம் எழுதி வைப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல வராது.
ஞாயிறு தமிழ் வானொலிக்கு நான்கு பக்கம். ஒரு பழைய ஐரோப்பிய டிஸ்கோ பாட்டுக்குழு பற்றி. மைக் என்றால் எனக்குப் பயம்; எழுதுவது நான், வாசிப்பது நிகழ்ச்சி நடத்தும் ராணி அன்ரி (இனி ரா.அ.). இரண்டு வருடமாக இப்படி.
ரா.அ. போனில்: "கலியாண வீடுகளில ஸ்பீக்கர் கட்டிப் போட்ட பாட்டுகள், பிள்ளை. ஒரு சொல்லும் விளங்காது. எண்டாலும் ஆடினனாங்கள்."

16.06, வியாழன்
நூலகம். குறிப்புகள்:
- ஜெர்மனியில் ஒரு தயாரிப்பாளர். முதலில் பாட்டு, பிறகுதான் மேடைக்கு ஆள் தேடினார். வந்த நால்வரும் கரீபியன் பக்கத்தவர்.
- எழுபதுகளின் கடைசியில் உலகமெங்கும். யாழ்ப்பாணம் வரை.
- குழு பிரிந்தது. பாட்டு நிற்கவில்லை. போன சனி பிறந்தநாள் விழாவில்கூட அதே பாட்டு. கோட்டைக் கழற்றிவிட்டு ஆடிய அங்கிள்மார்.
நால்வரில் முன்னால் நின்று ஆடியவர் இசைத்தட்டில் பாடவே இல்லையாம். பாடியது தயாரிப்பாளர். சனத்துக்குப் பிடித்தது ஆடியவரை.
கடைசிப் பக்கம் இதுதான். மூன்று முறை அடித்து எழுதினேன்.

18.06, சனி
அரிசி, மிளகாய்த்தூள், சாக்ஸ்.
அம்மா வவுனியாவிலிருந்து போனில். பக்கத்து வீட்டுக் கொம்பியூட்டரில்தான் நிகழ்ச்சி கேட்பார். வாசிக்கத் தெரியாது. நான் எழுதியதெல்லாம் அவருக்கு ரா.அ. குரல்தான்.
"நீ எழுதினது எண்டு சொன்னா இவை, பக்கத்து வீட்டுச் சனம், சிரிக்கினம். உன்ர குரல் எப்ப வரும்?"
"வரும் அம்மா."
"ரெண்டு வருசமா வருது."
பிறகு மெதுவாக, "இவை வாற கிழமை கொழும்புக்குப் போகினம். கொம்பியூட்டரும் போகுது. நாளைக்குத்தான் கடைசி."

19.06, ஞாயிறு
வானொலி நிலையம். மாலை 4.50. ரா.அ. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார்.
"வடிவா எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கம் ஏன் இவ்வளவு துக்கம்? டிஸ்கோ எல்லே?"
தாள்களை வாங்கி வரிசையாக அடுக்கினேன். தண்ணீர் வைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம். வவுனியாவில் பன்னிரண்டரை ஆகப்போகிறது. அம்மா கதிரையை இழுத்துப் போட்டிருப்பார்.
ரா.அ. தாள்களை வாங்கக் கை நீட்டினார். மூன்றைக் கொடுத்தேன். நான்காவது என் கையில்.
"என்ன பிள்ளை?"
"அன்ரி, இதை மட்டும் நான் வாசிக்கட்டோ?"