பதிலுக்கு நின்றவள்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. நீ இருந்திருந்தால் இன்னும் இரண்டு மணி நேரத்தில் எழுந்து உப்பளத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். தூக்கத்தைக் கெடுத்தேன் என்று ஏசியிருப்பாய். பாப்பாவுக்கு நெஞ்சில் சளி. இப்போதுதான் தைலம் தடவித் தொட்டிலில் போட்டேன். மூச்சு கர்கர் என்கிறது. எழுந்து போய்த் தொட்டிலை நிறுத்தி, காது வைத்துக் கேட்டுவிட்டு வந்து ஒரு வரி எழுதுகிறேன். மறுபடியும் எழுந்து போகிறேன்.

உன் சும்மாடு இன்றைக்கு நனைந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் ஆணியில் நீ மாட்டிவிட்டுப் போன அதே தலைச்சுமைத் துணிதான். மழை ஒரு துளி விழவில்லை; கடல் காற்றுதான் ஈரமாக வருகிறது. துணியில் ஊறியிருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு சுவரில் வட்டமாகத் தடம் போட்டிருக்கிறது. "இது நனைஞ்சா ரெண்டு நாள்ல மழை. ரேடியோக்காரன் அதுக்குப் பொறவுதான் சொல்லுவான்" என்பாய். மழை வந்தால் அளத்தில் வேலை நின்றுவிடும். பெண்கள் வேறு கூலி தேடி ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவார்கள். ஆகவே எதுவானாலும் நாளைக்குத்தான்.

நாளை பத்து மணிக்குத் தூத்துக்குடியில் தொழிலாளர் அதிகாரி விசாரிக்கிறார். நான் வந்து பேச வேண்டும் என்கிறார்கள், நீ பேச வேண்டிய இடத்தில். போவதா வேண்டாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். உனக்கு வருகிற கடிதங்களை எல்லாம் நான்தானே வாசித்துச் சொல்வேன்? இதையும் எழுதி முடித்ததும் மெதுவாக வாசிக்கிறேன். கேட்டுக்கொள்.

நாம் முதலில் பேசியது உனக்கு நினைவிருக்கும். கல்யாணமாகி சாத்தான்குளத்திலிருந்து முத்தையாபுரத்துக்கு நான் வந்த புதிது. அவருக்குத் துறைமுக அலுவலகத்தில் தற்காலிக வேலை, இன்றும் தற்காலிகம்தான். குழாயடியில் குடத்தை இடுப்பில் நிறுத்தத் தெரியாமல் பாதித் தண்ணீரைச் சேலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன படிச்சிருக்கே?" என்றாய்.

"பி.ஏ."

"அதுக்கு எத்தனை வருசம்?"

"எல்லாம் சேர்த்தா பதினஞ்சு."

"பதினஞ்சு வருசத்துல ஒரு குடம் தூக்கச் சொல்லிக் குடுக்கலையாளா உனக்கு?"

குழாயடி முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து நான் உனக்கு 'பி.ஏ.'தான். உனக்கும் எனக்கும் ஒரே வயது, இருபத்திரண்டு. உன் குதிகாலில் உப்பு தின்ற வெடிப்புகளை நான் பார்த்துக்கொண்டிருந்ததை நீ பார்த்துவிட்டுக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாய். அதையும் மறக்கவில்லை.

'பதில்' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரியாத ஒரு பொருளை நீதான் சொன்னாய். அளத்தில் ஒருத்தி காய்ச்சலாகப் படுத்தாலோ, பிள்ளை பெறப் போனாலோ, மூன்று நாளில் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் வேலை போயிற்று. அதனால் தங்கையோ நாத்தனாரோ பக்கத்து வீட்டுக்காரியோ அவள் பேரில் போய் நிற்பாள். விடியுமுன் கங்காணி அரிக்கேன் வெளிச்சத்தில் பேர் வாசிப்பார். இவள் அந்தப் பேருக்கு "இருக்கேன்" என்பாள். "பதிலுக்கு நிக்குதேன்" என்பீர்கள். நீ உன் அம்மா படுத்த நாளில் அவள் பேரில் பதிலுக்குப் போனவள். அம்மா செத்த பிறகும் அந்தப் பேரிலேயே நின்றாய். வீட்டில் ஒரு பேர், அளத்தில் பேச்சியம்மாள்.

"உன் பேரை எழுதச் சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"எழுதுனா புது ஆளும்பான். புது ஆளுன்னா வேலை இல்லம்பான். போளா, பி.ஏ."

போன சித்திரையில் ஒருத்தி பிள்ளை பெற்ற பதினோராம் நாள் அளத்துக்கு வந்தாள். பதிலுக்கு நின்ற நாத்தனார் வேறு ஊருக்குப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. உப்புப் பெட்டியைத் தலையில் ஏற்றி வரப்பில் நாலு நடை நடந்தாள். ஐந்தாவது நடையில் வெள்ளை உப்பின்மேல் சிவப்பாகச் சொட்டியதை நீதான் முதலில் கண்டாய். அன்று மாலை குளிக்காமல் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தாய்.

"ஒரு மனு எழுதணும்ளா. பிள்ளை பெத்துட்டு வாரவரைக்கும் பேரை அடிக்கக் கூடாது. இது ஒண்ணுதான் கேக்கணும். தண்ணி, நிழல்னு பத்து கேட்டா ஒண்ணைக் குடுத்துட்டு ஒம்பதை மறக்கடிச்சிருவான்."

சங்கத்து அண்ணாச்சியிடம் போனோம். பெஞ்சுகளில் ஆண்கள். நமக்குச் சுவரோரம் தரையைக் காட்டினார். "நீங்க அப்படி உக்காருங்கம்மா. பொம்பளைக்குப் பேச நாங்க இல்லையா?"

நீ உட்காரவில்லை. "அண்ணாச்சி, பிள்ளை பெத்த பதினோராம் நாள் நீங்க பெட்டி சுமந்திருக்கியளா?"

யாரோ சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார்கள்.

"இல்லைல்லா? அப்ப நான் பேசி முடிச்சுக்கிடுதேன். பொறவு நீங்க பேசுங்க."

நீ பேசி முடித்ததும் அவர் "மனு குடுங்க, பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தோம். என் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அந்த மனுவில் நான் செய்ததைத்தான் இன்னும் சுமக்கிறேன்.

நாற்பத்தொரு பெண்கள். ஒவ்வொருத்தியாக வந்து என் முன்னால் குந்தினார்கள். "பேர் என்ன?" என்றேன். "எந்தப் பேரு?" என்றாள் ஒருத்தி. "உன் பேர்தான். சொந்தப் பேர். சட்டத்துக்கு முன்னால் சொந்தப் பேர்தான் நிற்கும்" என்றேன். பி.ஏ. சொல்கிறது. அவர்கள் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். உனக்கு அப்போதே தெரிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் என் பேனாவை வாங்கி, நான் பத்து நாளாகப் பழக்கிக் கொடுத்த கையெழுத்தை எல்லோருக்கும் முதலில் போட்டாய். கடைசி எழுத்தின் புள்ளி காகிதத்தைக் குத்தி ஓட்டையாக்கிவிட்டது. ஊதிக் காயவைத்தாய். "பாக்க நல்லாத்தான் இருக்கு என் பேரு" என்றாய்.

மேனேஜர் அதைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார். பார்க்க மாட்டார்களா பின்னே? மறுநாள் உப்பு குவிக்கும் தட்டுமேட்டில் கங்காணியை விட்டு எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னார். நானும் குடையோடு வரப்பில் நின்றேன். நாற்பத்தொரு பேரில் இருபது பேர் பதிவேட்டிலேயே இல்லை. முதல் பேரே உன்னுடையது.

"இந்தப் பேருல இங்க யாரும் கிடையாது. வெளியாளு வந்து கலகம் பண்ணுது" என்றார் கங்காணி. "நீ யாருளா? பேச்சியம்மான்னா, அவ செத்து ஏழு வருசமாச்சு. பேயா வந்து உப்பு சுமக்குதாளா?"

"பேயின்னு தெரிஞ்சுதானா ஏழு வருசமா தினம் பேரு வாசிச்சீரு, கங்காணி?"

ஆண்கள்கூடச் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்குமுன் மேனேஜர் அந்த இருபது பேரைப் பார்த்துச் சொன்னார்: கையெழுத்து எங்களுடையது இல்லை என்று சொல்கிறவர்கள் பழைய பேரிலேயே வேலைக்குப் போகலாம், மற்றவர்கள் வெளியே. பத்தொன்பது பேர் ஒவ்வொருத்தியாக "என்னுது இல்லை" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. உன்னிடம் வந்தபோது நீ, "அது என் பேருதான்" என்றாய்.

கங்காணிக்கு எல்லாம் தெரியும் என்பதும், பொய்ப் பேரில் நிற்கிறவள் வாய் திறக்க மாட்டாள் என்றுதான் அதை விட்டுவைத்திருந்தார் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பதிவேட்டுப் பேரைப் பக்கத்தில் எழுதியிருந்தால் போதும். ஒரு அடைப்புக்குறி. அதைப் போடத் தோன்றவில்லை எனக்கு.

திரும்பும் வழியெல்லாம் அழுதேன். நீ என்னை ஒரு சொல் ஏசவில்லை. நான் முழுகாமல் இருப்பது உனக்கு மட்டும்தான் தெரியும். "அழாதளா, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்றாய். கொஞ்ச தூரம் போய், "எல்லாத்துக்கும் பதில் வச்சுக்கிடலாம். பிள்ளை பெறத்தான் வைக்க முடியாது. அதை நீயே பெத்துக்க, பி.ஏ." என்றாய். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன்.

அப்புறம் உனக்குப் பக்கத்து அளங்களில் வேலை இல்லை. ஆறுமுகநேரிப் பக்கம் போனாய். சுடலைவடிவு என்ற பெண் பேறுகாலத்துக்குப் படுத்ததும் அவளுக்குப் பதிலுக்கு நின்றாய். அங்கேயும் சும்மா இருந்தாயா? ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அதே ஒற்றைக் கோரிக்கை. கடைசியாக பாப்பாவைப் பார்க்க வந்தாய். உப்புத் துணி பிள்ளைமேல் படக்கூடாது என்று சும்மாட்டை ஆணியில் மாட்டினாய். கையை மூன்று தரம் கழுவிவிட்டு அவளைத் தூக்கினாய். "இவ பேரை எதுலயாவது ஒழுங்கா எழுதி வச்சிருக்கியா?" என்று கேட்டாய். முனிசிபாலிட்டியில் பதிந்ததைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் பார்த்தாய். சும்மாட்டை மறந்துவிட்டு, தெருமுனையில் போய் நினைவு வந்து, "அடுத்த ஞாயிறு எடுத்துக்கிடுதேன்" என்று கத்தினாய்.

புதன்கிழமை பேப்பரில் வந்தது. உப்பு மூட்டை ஏற்றிய லாரி வளைவில் கவிழ்ந்து, மேலே உட்கார்ந்து வந்த கூலிப்பெண் பலி. சுடலைவடிவு. அந்தப் பேரை ஒருமுறைதான் நீ சொல்லியிருந்தாய். எனக்கு நினைவு வரவில்லை. நான் உன் பேரைத் தேடினேன். உன் பேர் இல்லை. அப்பாடா என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு பாப்பாவைக் குளிப்பாட்டப் போனேன். அன்றைக்கு அவள் தண்ணீரில் கால் அடித்து விளையாடினாள், நானும் சேர்ந்து சிரித்தேன். நீ ஆஸ்பத்திரியில் வேறொருத்தி பேரைக் காலில் கட்டிக்கொண்டு கிடந்தாய். எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் உன்னை அந்தப் பேரிலேயே புதைத்துவிட்டார்கள்.

சுடலைவடிவு வீட்டுக்கு அவள் மாமன்மார் மாலையோடு வந்து வாசலில் நின்று ஓலமிட்டிருக்கிறார்கள். அவள் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாளாம்.

அவள்தான் இன்றைக்கு வந்தாள், கைப்பிள்ளையோடு.

"அக்கா, வேலைக்குப் போனா, நீ செத்துட்டேங்குதான். ஏட்டுல அப்படித்தான் இருக்காம். செத்தவளுக்கு எங்கன வேலைங்குதான். நான் உசிரோட இருக்கேன்னு யாரு சொல்ல? செத்தது அவதான்னு யாரு சொல்ல?"

அவளுக்குப் பின்னால் இன்னும் பெண்கள் நின்றார்கள். அன்று தட்டுமேட்டில் "என்னுது இல்லை" என்ற பத்தொன்பது பேரில் பதினாலு பேர். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் சொன்னாள்: "இந்தத் தடவை ரெண்டு பேரையும் எழுதிருங்க. வீட்டுப் பேரு, ஏட்டுப் பேரு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுருதோம்."

"எல்லாரையும் நிறுத்திட்டா?" என்றேன்.

"நிறுத்தட்டும். உப்பைக் கங்காணி சுமக்கட்டும்."

உன் குரல் மாதிரியே இருந்தது. ஆனால் நாளை லாரிச் சாவை விசாரிக்கிற அதிகாரி முன்னால் நின்று வரிசையாகச் சொல்ல ஒருத்தி வேண்டும் என்கிறார்கள். போன தடவை நான் எழுதியதில் நீ வேலை இழந்தாய், அங்கிருந்து அந்த லாரிவரைக்கும் போனாய். இப்போது இந்தப் பதினாலு பேரும் எங்கே போவார்களோ?

வீட்டில் அவரிடம் சொன்னேன். "நீ அங்க நின்னா பத்தரைக்கு எங்க ஆபீஸ்ல தெரிஞ்சிரும். என்னை நிரந்தரம் பண்ணணும்னு அவங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. பிள்ளைக்கு வேற சளி" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, மூச்சில் தெரிகிறது.

பாப்பாவின் மூச்சு இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது. சளி இறங்கியதா, களைத்துப் போனாளா, சொல்லத் தெரியவில்லை.

உன் பேரை இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, கவனித்தாயா? கை வரவில்லை. மனு மட்டும் பக்கத்தில் தயாராக இருக்கிறது. இரண்டாம் வரியிலிருந்து எல்லாப் பேரும் எழுதிவிட்டேன், ஏட்டுப் பேரை அடைப்புக்குறிக்குள் போட்டு. முதல் வரி காலி. நாளைக்கு அந்தப் பேரை அதிகாரி வாசித்தால் யாராவது "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். முதல் பஸ் ஐந்தரைக்கு. பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

நேரம் இல்லை. சீக்கிரம் பதில் போடு.