லுக்ஸ் ஐந்தோ ஆறோ

ஊஸ்டர்
23.03.2025, ஞாயிறு

அன்புள்ள மகள் சாருஜாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை, என் இடது முழங்கால் மாத்திரம் படிக்கட்டைக் கண்டால் முறைப்பாடு செய்கிறது. அங்கே நீயும் மருமகன் நிருசனும் நல்ல சுகத்தோடும் நேரத்துக்குச் சாப்பாட்டோடும் இருக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், நீயோ மூன்றாவது நிமிடத்தில் அப்பா முடிவைச் சொல்லுங்கோ என்பாய், அந்த அவசரத்தில் நான் முடிவையும் பிழையாகச் சொல்லிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது. அம்மா செவ்வாய்க்கிழமைகளில் யசோதரா அன்ரியோடு நீச்சல் தடாகத்துக்குத் தண்ணீர்ப் பயிற்சிக்குப் போகிறா. பயிற்சி முக்கால் மணி நேரம், கதை இரண்டு மணி நேரம். தம்பி கோபிசன் பாசலில் புது வேலைக்குப் போய்விட்டான். அங்கே எடுத்த வீட்டிலிருந்து ட்ராமில் ஐந்து நிமிடம்தானாம், அதனால் முன்னையை விடப் பிந்தி எழும்புகிறான்.

போன மாதம் நீ சொன்னாயே, உன் மருந்துக்கடைக்கு வரும் வேட்டைக்காரர் ஒருவர், இருமல் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கூகர் என்கிற மலைச்சிங்கத்தைப் பற்றிக் கதைத்தார் என்று. உங்கள் கனடாத் தீவில் கூகர் கூடிவிட்டது, மான் குறைந்துவிட்டது, நகரத்தில் இருந்து கட்டுப்பாடு போடுகிறவர்களுக்குக் காடு தெரியாது, நாய் விட்டு மரத்தில் ஏற்றிப் பார்த்தால்தானே அது குட்டியோடு திரிகிற பெட்டை என்று கண்டு விட்டுவிடலாம் என்றாராம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் கூகர் என்ற இடத்தில் லுக்ஸ் என்று போட்டால் இங்கே ரூடி சொல்வது அச்சொட்டாக அதுதான். உனக்கு ரூடியைத் தெரியும், எங்கள் மாடியிலேயே எதிர் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்து நாலு வருடத்தில் என்னைக் குகா என்று கூப்பிட்ட முதல் அயலவர். தோஸ் பள்ளத்தாக்குப் பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் வேட்டைச் சங்கத்தில் அவர் ஒரு ஆள். லுக்ஸ் என்பது காதில் மயிர்க்குஞ்சமும் கட்டை வாலும் உள்ள பெரிய காட்டுப்பூனை, உடம்பெல்லாம் புள்ளி. அதைச் சுடச் சட்டம் விடாது. கூடிப்போய்விட்டது என்று காட்டினால், எங்கள் கன்டோன் அரசு பேர்னில் இருக்கும் மத்திய அரசிடம் கேட்டு அனுமதி எடுத்து, சிலதைப் பிடித்து வேறு நாட்டுக் காடுகளில் கொண்டுபோய் விடலாம், அவ்வளவுதான். சங்கம் இந்த வருடம் அதைத்தான் கேட்க இருந்தது. கேட்பதற்கு ஒரு எண் வேண்டும். அந்த எண்ணை எடுக்கும் வேலை, நான் எப்படித் தலையாட்டினேன் என்று இன்னும் எனக்கே விளங்கவில்லை, என்னிடம் வந்து சேர்ந்தது.

காட்டில் பன்னிரண்டு இடங்களில் பாதைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே கமரா கட்டினோம். மிருகம் நடுவால் போனால் ஒன்று இடது விலாவைப் படம் எடுக்கும், மற்றது வலது விலாவை. ஒரு லுக்ஸின் புள்ளி இன்னொன்றுக்கு இராது, எங்கள் கைரேகை மாதிரி. நான் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவன் என்று ரூடிக்கு எப்போதோ சொல்லியிருக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டார். மார்கழி தொடக்கம் மாசி வரை கிழமைக்கு ஒருமுறை அவரோடு போய், பற்றறி மாற்றி, படங்களை எடுத்து வந்து, பெரிதாக்கி, மேலே எண்ணெய்த்தாள் வைத்துப் புள்ளிகளைக் கீறி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டேன். நல்ல சந்தோசமான வேலை பிள்ளை. சாப்பாட்டு மேசை முழுக்க விலா. அம்மா, இனி இடியப்பத்தை நிலத்தில வைச்சுத்தான் சாப்பிடோணும் போல கிடக்கு எண்டு பேசிக்கொண்டு திரிந்தா. மாசி முடிவில் ரூடியிடம் ஆறு என்று சொன்னேன். போன கணக்கில் நாலு. ரூடி என் தோளில் தட்டிய தட்டில் நான் அரைச் சுற்றுச் சுற்றினேன். ஆறு என்பது அவர் வாயிலிருந்து பேக்கரிக்கும் முடிதிருத்துகிறவருக்கும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது.

கூட்டத்துக்கு மூன்று நாள் முந்தி தாள்களைக் கோப்பில் அடுக்கும்போதுதான் என் பிழையைக் கண்டேன். நாலு மிருகத்துக்கு இரண்டு விலாவும் இருந்தது. ஐந்தாவதுக்கு இடது விலா மாத்திரம், அது ஓடைப் பக்கத்தில் எடுத்தது. ஆறாவதுக்கு வலது விலா மாத்திரம், அது பழைய கல்லுடைக்கும் இடத்துக்கு மேலே. இரண்டு இடத்துக்கும் நடுவே நாலு கிலோமீற்றர், லுக்ஸுக்கு அது ஒரு காலை நடை. இடது மட்டும் உள்ளதும் வலது மட்டும் உள்ளதும் இரண்டு மிருகமாகவும் இருக்கலாம், ஒரே மிருகத்தின் இரண்டு பக்கமாகவும் இருக்கலாம். இதைப் பார்க்க எனக்கு இரண்டு கிழமை எடுத்திருக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் எதிர்ப்பக்கக் கமரா ஏன் படம் எடுக்கவில்லை என்று யோசித்தபோது இன்னொரு பிழையும் வெளியே வந்தது. நான் கமரா பழுது என்று குறித்துவைத்திருந்தேன். கமரா பழுதில்லை. சங்கம் புதுப் பற்றறி பெட்டியாகத் தந்தது. நானோ, கடையில் திருப்பிப் போடுவதற்கென்று வீட்டுப் பையில் சேர்த்து வைத்திருந்த பழையதுகளை, சுவர் மணிக்கூட்டில் இருந்தது, ரிமோட்டில் இருந்தது, அம்மாவின் பிரஷர் பார்க்கும் பெட்டியில் இருந்தது, எல்லாவற்றையும் அளந்து பார்த்து, பாதிக்கு மேல் உயிர் இருக்கிறதே, ஏன் எறிவான் என்று அந்த இரண்டு கமராவுக்குள்ளும் போட்டேன். மிச்சம் பிடித்த புதுப் பற்றறிகளைக் கடைசியில் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்து நல்ல பெயர் எடுப்பதாக நினைப்பு. காட்டுக் குளிர் பூச்சியத்துக்கும் பதினாலு பாகை கீழே போகும் என்பதை நான் அளக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். என்னப்பா, பிரஷர் பெட்டிப் பற்றறியையோ காட்டுக்குள்ள கொண்டுபோய்ப் போட்டனீங்கள், அந்தப் பூனைக்குப் பிரஷர் பாக்கவோ என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. சிரித்து முடித்துத்தான், ரெண்டைப் பிடிக்கச் சொல்லிக் கேக்கப் போயினமெல்லோ, குட்டித்தாய்ச்சியைப் பிடிச்சிட்டினம் எண்டால் என்ன செய்வியள், போய்ச் சொல்லுங்கோ என்றா. அது எனக்கும் தெரியும். ஆனால் ரூடியை நினைத்தேன். அவர் ஊரெல்லாம் சொன்ன எண். நான் வெளிநாட்டான், அவர்கள் காட்டுக்குள் அவர்கள் தயவில் போனவன், அவர்கள் வேண்டுகிற எண்ணை நான் குறைத்தால் ரூடி யாருடைய முகத்தில் விழிப்பார்? இரண்டு நாள் யோசித்தும் முடிவில்லை. ஆனாலும் அவர்களுடைய டொச் மொழியில் ஒன்பது வசனம் எழுதி, இலக்கமிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பதினாலாம் திகதி வெள்ளிக்கிழமை பின்னேரம் விருந்தகத்தின் பின் அறையில் கூட்டம். பதினாலு பேர், மேசைக்குக் கீழே ஒரு நாய். சங்கத் தலைவி வெரேனா, ஆடு மாடு வைத்தியர், கண்டிப்பான மனிசி. முதலில் எல்லாரும் தங்கள் பாட்டுக்குக் கதைத்தார்கள், அதை நீ கேட்டிருக்க வேண்டும். செப் என்கிற வயதானவர், எங்களுக்கு இத்தனை மாதம், இத்தனை மான் எண்டு எழுதித் தருகினம், லுக்ஸ் கிழமைக்கு ஒண்டு அடிக்குது, அதுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கூட இல்லை என்றார். இன்னொருவர், மான் குறையேல்லை செப், உன்ர கண்ணாடியை மாத்து, மான் பயத்தில ஒளிக்கப் பழகியிட்டுது என்றார். வேறொருவர் மெல்லிய குரலில், வனக்காவலருக்குச் சந்தோசம், இப்ப தேவதாருக் கன்று கடிபடாமல் வளருது என்றதும், அப்ப நீ வனக்காவலரோட போய்க் கன்று சாப்பிடு என்று மூன்று பேர் ஒன்றாய்ச் சொன்னார்கள். வெரேனா சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. என்ர அப்பா வாழ்நாளில ஒரு லுக்ஸைக் காணேல்லை, நான் கண்ட அண்டைக்கு அழுதனான், அது போகோணும் எண்டு நான் கேக்கேல்லை, அதோட சேர்ந்து இருக்கிற எங்களையும் கேட்டு எண்ணிக்கையை முடிவெடுங்கோ எண்டுதான் கேக்கிறன் என்றா. பிறகு கன்டோனுக்கு அனுப்ப எழுதிய கடிதத்தை வாசிக்கத் தொடங்கினா. எங்கள் காட்டில் வளர்ந்த லுக்ஸ் ஆறு, அதில் இரண்டை அகற்ற வேண்டும்.

நான் கையைத் தூக்கினேன். தூக்கினேன் என்று நான் நினைத்தேன், காதளவுதான் போயிருக்கும். வெரேனா வாசிப்பதை நிறுத்தாமல், கழிவறை வலப்பக்கம் இரண்டாவது கதவு என்று விரலால் காட்டினா. உன் அப்பா நான் என்ன செய்தேன் தெரியுமா, எழும்பிப் போனேன். போய், கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். எழுபத்தொரு வயதில் இல்லை என்று சொல்லத் தெரியாமல் கழிவறைக்குள் வந்து நிற்கிற மனிதனை முதல் தரம் வடிவாகப் பார்த்தேன். திரும்பிக் கதவைத் திறந்தால் எல்லார் கையும் மேலே, வாக்கெடுப்பு நடக்கிறது, ரூடியின் கை எல்லாவற்றுக்கும் மேலே. ஒன்பது வசனமும் மறந்துபோய், ஹால்ட் என்று கத்திவிட்டேன். அந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வந்தது என்று நாய்க்கு முதலில் தெரிந்தது, என்னைப் பார்த்துக் குரைத்தது.

பிறகு தாள்களை மேசையில் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன், பற்றறியையும் சொன்னேன், பிரஷர் பெட்டியையும் மறைக்கவில்லை. செப் மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு விலாவையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த அறையில நாப்பது வருசமாய் ஒரு மான் மூண்டாகிறதைப் பாத்திட்டன், ஆறை ஐஞ்சாக்கினவனை இண்டைக்குத்தான் பாக்கிறன் என்று சொல்லிவிட்டு இருமி இருமிச் சிரித்தார். எல்லாரும் சிரிக்கவில்லை. ஒருவர், அப்ப லுக்ஸ் இன்னொரு வருசம் விருந்து சாப்பிடட்டும் என்று கதிரையைத் தள்ளினார். வெரேனா கடிதத்தை மடித்து, எனக்குச் சந்தேகமுள்ள எண்ணில என்ர கையெழுத்து இராது என்றா. ஒன்பதுக்கு ஐந்து என்று முடிவானது: கடிதத்தில் ஐந்து, ஆறாகவும் இருக்கலாம் என்று போடுவது, அகற்றக் கேட்பதை அடுத்த குளிர்காலக் கணக்கு வரை தள்ளிவைப்பது. அந்த ஐந்தில் ஒன்று ரூடியின் கை.

வரும்போது அவருடைய காரில் ஊஸ்டர் வரை ஒரு வார்த்தை இல்லை. லிஃப்டிலும் இல்லை. எட்டு நாள் இல்லை. குப்பை போடப் போகும்போது கண்டால் தலையை ஆட்டுவார், குகா இல்லை. நான் அம்மாவிடம், செய்தது சரிதானா என்று ஒரு நாளைக்கு நாலு தரம் கேட்டேன். அம்மா, ஐந்தாவது தரம் கேட்டால் மறுமொழியை மாற்றிப்போடுவன் என்றா. நேற்று, சனிக்கிழமை காலை மணி அடித்தது. ரூடி காட்டுச் சப்பாத்தோடு நிற்கிறார். குகா, கமராக்களைக் கழட்டோணும், வா என்றார். பேக்கரிக்கும் முடிதிருத்துகிறவருக்கும் ஐஞ்சுதான் எண்டு போய்ச் சொல்லியிட்டன், பாட்டுக்காரரிட்ட நீ வந்து சொல்லு, எனக்கு வெக்கமாய்க் கிடக்கு என்றார். காட்டில் எட்டாவது கமராவைக் கழற்றும்போது, முகத்தை மரத்துக்குக் கொடுத்துக்கொண்டு, நூற்றிருபது மீற்றரில ஒரு மான் கிடா சுட்டனான் எண்டு உனக்குச் சொன்னனானெல்லோ, அது அறுபது மீற்றர்தான், ஒருத்தருக்கும் சொல்லாதை என்றார். நான் சொல்லமாட்டேன் என்றேன். நீ எட்டாயிரம் கிலோமீற்றரில் இருக்கிறாய், உனக்குச் சொல்வது சொன்னதாகாது.

இனி ஒரே ஒரு புத்திமதி. வேலை முடிந்து காட்டுப்பாதையால் நடக்கும்போது குனிந்து சப்பாத்து நூல் கட்டாதே, குனிந்த ஆளைக் கூகர் சின்ன மிருகம் என்று நினைக்குமாம், வீட்டிலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்படு. நிருசனுக்கும் சொல், அவன் நூல் கட்டாமலே திரிகிறவன். கனடா அனுமதி அட்டை ஆவணியில் முடிகிறது என்றாய், விண்ணப்பத்தைக் கடைசிக் கிழமைக்கு வைக்காதே. நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி, மனம் நிறைந்து, ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அம்மா பக்கத்தில் நின்று, அவளை ஞாயிற்றுக்கிழமை எடுக்கச் சொல்லுங்கோ என்று எழுதச் சொல்கிறா, எழுதிவிட்டேன்.

என்றும் உன் நலம் நினைக்கும் அப்பா,
குகநாதன்